பதினான்காம் நிலையத்தின் நான்கு சதவீதம்

1. இடம் தீர்ந்த காலை

அன்று காலை நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது சர்வரின் டிஸ்க் தொண்ணூற்று நான்கு சதவீதம் நிறைந்திருந்தது. btrfs என்ற ஃபைல் சிஸ்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்த எண் எவ்வளவு ஆபத்தானது என்று தெரியும். அது முழுவதும் நிறைந்துவிட்டால் பழையதை அழிப்பதற்கும் கொஞ்சம் இடம் கேட்கும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதனால் முதலில் எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூரில் ஒரு மாடியில் ஆறு பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம் அது. டெல்டாவின் கிளை வாய்க்கால்களில் இருபத்தாறு இடங்களில் நீர்மட்டம் அளக்கும் கருவிகளை வைத்திருந்தோம். ஒவ்வொன்றையும் ஒரு நிலையம் என்போம். வாய்க்காலின் குறுக்கே ஒரு குழாய், அதிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் ஒரு சென்சார். அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலியை அனுப்பும். கீழே எதில் பட்டு எதிரொலி திரும்புகிறதோ, அதன் உயரத்தைச் சென்டிமீட்டரில் எங்கள் சர்வருக்கு அனுப்பிவைக்கும்.

பாசன சங்கத்துக்காரர்கள் எங்கள் வரைபடத்தைப் பார்த்துத்தான் முறை வைத்தார்கள். முறை என்றால் தண்ணீர் குறைந்த காலத்தில் வாய்க்கால் வாய்க்காலாக மாற்றிவிடுவது. ஒரு வாய்க்காலின் கடைசி நிலையத்தில் அறுபது சென்டிமீட்டர் மூன்று நாள் தொடர்ந்து நின்றால் கடைமடை வரை தண்ணீர் போய்விட்டது என்று பொருள். உடனே தலைமதகை மூடி அடுத்த வாய்க்காலைத் திறப்பார்கள். விதி அவ்வளவுதான். அதை எழுதிக் கொடுத்ததே நாங்கள்தான்.

நிறுவனத்தை நடத்திய சுந்தரவடிவேல் சார் என் மேசைக்கு வந்து நின்றார்.

"புது டிஸ்க் வர ஒரு வாரம் ஆகுமாம் கிரேஸ். அதுவரைக்கும் தாங்குமா?"

"தாங்காது சார். கம்ப்ரெஷன் முறையை மாத்திப் பாக்கிறேன். இப்ப lzo ஓடுது. zstd போட்டா பாதி இடம் மிச்சமாகும்."

"எதுவும் அழிஞ்சுடாதுல்ல?"

"அழியாது சார். சுருங்கும், அவ்வளவுதான்."

அப்போது போன் அடித்தது. அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக அதே பெண் குரல். பெயர் அருள்மேரி. நாகப்பட்டினம் பக்கம், எங்கள் பதினான்காம் நிலையம் இருக்கிற ஊர். அந்த வாய்க்காலின் கடைசி நிலையம் அது.

"மேடம், எங்க வாய்க்கால்ல இன்னும் தண்ணி வரலைங்க. நேரடி விதைப்பு. பயிரு மஞ்சளாயிடுச்சு. நாளைக்குக் காலையில மதகை மூடப்போறாங்களாம்."

நான் திரையைப் பார்த்தேன். "அக்கா, இங்க அறுபத்திரண்டு சென்டிமீட்டர் காட்டுதுக்கா. நல்லாவே ஓடுது."

"அப்ப அந்த டிவியிலேர்ந்து ஒரு ரெண்டு குடம் மோந்து ஊத்துங்க மேடம், புண்ணியமாப் போவும்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வாய்க்காலில் ஓடும் தண்ணீர் அவர் வயலுக்குத் திரும்பும் சின்னக் கன்னி வாய்க்கால் அடைத்திருக்கும், அதைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று வழக்கமான பதிலைச் சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரரு இருந்தா அவரே நேர்ல வந்து உங்ககிட்ட பேசுவாரு," என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

கணவர் வெளிநாட்டில் இருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் 'வீட்டுக்காரர் இருந்தால்' என்று சொல்கிற பெண்களில் பாதிப் பேருக்கு வீட்டுக்காரர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்.

2. மேற்படி, மேற்படி

கம்ப்ரெஷன் முறையை மாற்றுவதற்கு முன் நான் காகிதத்தில் எழுதிவைத்த பட்டியல் இது. இன்றைக்கும் யாராவது கேட்டால் இதையேதான் சொல்வேன்.

ஒன்று, சர்வரின் இயங்குதள மையமான கெர்னல் zstd-ஐப் படிக்கும் அளவுக்குப் புதியதா என்று பார்க்க வேண்டும். பேக்கப் எந்திரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே எழுதியதை அங்கே படிக்க முடியாவிட்டால் பேக்கப் இருந்தும் இல்லாததுதான்.

இரண்டு, டிஸ்க்கில் எப்படி எழுதுவது என்று சொல்லும் மவுன்ட் ஆப்ஷனை மாற்றினால் இனி எழுதுவது மட்டுமே புதிய முறையில் சுருங்கும். ஏற்கெனவே உள்ளவற்றைத் திரும்ப எழுதவைக்க வேண்டும்.

மூன்று, பழைய ஸ்னாப்ஷாட்களை, அதாவது டிஸ்க்கின் அன்றன்றைய நிலையைப் பிடித்துவைத்த பிரதிகளை, முதலில் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் பழையது ஒரு பிரதி, புதியது ஒரு பிரதி என்று இரண்டும் நிற்கும். இடத்தைக் குறைக்கப் போய் டிஸ்க் வீங்கிவிடும்.

நான்கு, சின்னதில் தொடங்க வேண்டும்.

எங்கள் டிஸ்க்கை அடைத்துக்கொண்டிருந்தவை மழை வரைபடங்கள். நிலையங்களின் பதிவுகள் வெறும் எழுத்துக் கோப்புகள், இடம் மிகக் குறைவு. நிலையத்துக்கு மாதம் ஒரு கோப்பு. அதனால் போன மாதத்து இருபத்தாறு கோப்புகளை வைத்து ஒத்திகை பார்க்க முடிவு செய்தேன்.

கம்ப்ரெஷன் என்பது பெரிய மந்திரம் இல்லை. பத்திரம் எழுதுகிறவர் ஒரு பெயரையும் ஊரையும் ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, அடுத்த முறை 'மேற்படி' என்று எழுதுவார் அல்லவா, அதேதான். முன்னால் வந்தது மறுபடி வந்தால் மேலே பார்த்துக்கொள் என்று ஒரு குறிப்பு மட்டும் வைக்கும். எவ்வளவு தூரம் மேலே திரும்பிப் பார்க்கும் என்பதில்தான் முறைக்கு முறை வித்தியாசம். எங்கள் ஃபைல் சிஸ்டத்தில் lzo ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகச் சுருக்கும். ஒரு பக்கம் என்பது நாலாயிரத்துச் சொச்சம் எழுத்துகள். பக்கத்தைத் திருப்பினால் முந்தைய பக்கம் அதற்கு மறந்துவிடும். zstd அதே இடத்தில் முப்பத்திரண்டு பக்கங்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்.

ஒரு நிலையத்தின் ஒரு நாள் பதிவு ஏறக்குறைய மூன்று பக்கம் வரும். அப்படியானால் பழைய முறைக்கு ஒரு முழு நாள்கூட நினைவில் நிற்காது. புதிய முறைக்குப் பத்துப் பதினோரு நாள் நிற்கும். இந்தக் கணக்கை அன்று நான் வெறும் தகவலாகத்தான் எழுதி வைத்தேன்.

3. நான்கு சதவீதம்

ஒத்திகை முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. compsize என்ற கருவி எந்தக் கோப்பு எவ்வளவு சுருங்கியது என்று சொல்லும். ஒவ்வொன்றாக ஓட்டி, விடையை நோட்டில் எழுதினேன்.

முதல் நிலையம் முப்பத்தொன்று. இரண்டாவது இருபத்தொன்பது. மூன்றாவது முப்பத்திரண்டு. நூற்றுக்கு முப்பது அளவில் வந்துகொண்டே இருந்தது. பழைய முறையில் எல்லாமே ஐம்பதுக்கு மேல் இருந்தவை. சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனேன்.

பதினான்காவது, நான்கு.

கோப்பு அழிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். திறந்து பார்த்தேன். முப்பது நாளும் இருந்தன. ஒவ்வொரு நாளுக்கும் இருநூற்று எண்பத்தெட்டு வரிகள் இருந்தன. நேரம், நீர்மட்டம், பேட்டரி வோல்டேஜ், வெப்பநிலை, எதுவும் குறையவில்லை. பேக்கப்பில் இருந்த பிரதியோடு ஒப்பிட்டேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அப்படியானால் அந்தக் கோப்பில் நூற்றுக்கு நான்கு பங்குதான் சரக்கு. மீதியெல்லாம் மேற்படி.

முப்பது நாட்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே படத்தில் வரையச் சொன்னேன். ஒரே ஒரு கோடு வந்தது. மற்ற நாட்கள் வரவில்லை போலிருக்கிறது என்று மறுபடி ஓட்டினேன். திரும்பவும் ஒரே கோடு. எல்லா நாட்களும் அங்கேதான் இருந்தன. ஒன்றின் முதுகுக்குப் பின்னால் ஒன்றாக மறைந்து நின்றன.

பகல் பன்னிரண்டு மணி. கீழே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்த மாதத்தை மற்ற நிலையங்களோடு ஒப்பிடத் தொடங்கினேன்.

நடுவில் ஒரு நாள் தஞ்சாவூரிலிருந்து கடற்கரை வரை மழை பெய்திருந்தது. மற்ற இருபத்தைந்து நிலையங்களிலும் அன்று வெப்பநிலை இறங்கியிருந்தது. பதினான்கில் மட்டும் அன்றும் அதே வெயில். தினமும் மாலை நான்கு முப்பத்தைந்துக்கு நீர்மட்டம் அறுபத்திரண்டிலிருந்து நூற்று அறுபத்து மூன்றுக்குத் தாவியது. நான்கு நாற்பதுக்கு எண்பத்தெட்டு. நான்கு நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் மறுபடி நூற்று அறுபத்து மூன்று. ஐம்பத்தைந்துக்கு அறுபத்திரண்டு. ஐந்து நிமிடத்தில் ஒரு மீட்டர் ஏறி இறங்கும் தண்ணீர் எந்த வாய்க்காலிலும் கிடையாது. இப்படிப்பட்ட தாவல்களை நாங்கள் நாய்ஸ், அதாவது கருவியின் உளறல், என்று ஒதுக்கிவிடுவோம். ஆனால் நாய்ஸ் தினமும் ஒரே நேரத்துக்கு வராது.

அந்த ஒற்றைக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். காலை பதினொன்று ஐம்பதில் வெப்பநிலை ஒரே தாவில் மூன்று டிகிரி மாறியது. பேட்டரி வோல்டேஜும் அதே வரியில் குதித்தது. துணியை வெட்டி இன்னொரு துணியோடு தைத்த இடம் போல இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அந்தத் தையல் என்னுடையது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் சுந்தரவடிவேல் சார் என்னிடம் சொன்னார்: "கிராஃப்ல அங்கங்க ஓட்டையா இருக்குங்க. சங்கத்துல கேள்வி கேக்குறாங்க. அதை மூடி விடுங்க." சிக்னல் போய்விட்டு வருவதால் விழும் ஐந்து பத்து நிமிட இடைவெளிகள் அவை. நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரு நிலையத்திலிருந்து அளவு வராவிட்டால் நேற்று அதே நேரத்தில் வந்த வரியை அப்படியே எடுத்துவை. அவ்வளவுதான். எத்தனை முறை வரை என்று எல்லை வைக்கவில்லை. எடுத்துவைத்த வரிக்கு அடையாளமும் போடவில்லை. நிலையம் செத்தால் எச்சரிக்கும் அலாரம்கூட இந்த நிரப்பப்பட்ட கோப்பைத்தான் படித்தது. அதனால் அது கடைசிவரை அடிக்கவில்லை.

பதினான்காம் நிலையம் என்றைக்கோ ஒரு நாள் பதினொன்று ஐம்பதுக்கு நின்றுபோயிருக்கிறது. அன்று மதியத்துக்கு முந்தைய நாளின் மதியத்தை என் ஸ்கிரிப்ட் எடுத்து ஒட்டியது. மறுநாளுக்கு அந்த ஒட்டிய நாளை எடுத்து ஒட்டியது. நேற்றின் நேற்று, அதன் நேற்று. இந்த மாதத்துக் கோப்பையும் போன மாதத்துக்கு முந்தியதையும் திறந்து விரல்விட்டு எண்ணினேன். அன்றோடு நாற்பத்தொரு நாள்.

இதற்கிடையில் அந்த வாய்க்காலுக்கு இரண்டு முறை தண்ணீர் விட்டிருக்கிறார்கள். தண்ணீர் கடைசி வரை போய்ச் சேர ஐந்தாறு நாள் ஆகும். பதினான்கு எப்போதும் அறுபத்திரண்டு காட்டியதால் இரண்டு முறையும் மூன்றாம் நாளே மதகை மூடிவிட்டார்கள். இப்போது நடப்பது மூன்றாவது முறை.

நாளைக் காலை மூடப்போகிறார்கள்.

4. வாய்க்காலில்

கருவிகளைப் பொருத்தும் பாஸ்கரோடு கம்பெனி காரில் கிளம்பினேன். சாரிடம், பதினான்கில் சந்தேகம், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"அங்க ஒண்ணும் ஆயிருக்காதுங்க மேடம்," என்றார் பாஸ்கர். "பக்கத்து வயக்காரரு சூசையண்ணன் பாத்துக்குவாரு. சோலார் பேனல் உடைஞ்சு போச்சுல்ல, அதுலேர்ந்து அவரு மோட்டார் கொட்டகையிலேர்ந்துதான் ஒயர் இழுத்து நம்ம பெட்டிக்குக் கரண்டு குடுக்குறாரு."

"பேனல் உடைஞ்சதே எனக்குத் தெரியாதே?"

"அவரே குடுக்குறேன்னாரு. அப்புறம் எதுக்கு ஆபீஸ்ல சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டேன்."

மூன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அடிமண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஆகாயத்தாமரை காய்ந்து பழுப்புக் காகிதம் போல ஒட்டிக் கிடந்தது. அதற்கு மேலே குழாயில் எங்கள் சென்சார், வெறும் மண்ணைப் பார்த்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரியவில்லை.

கையில் இருந்த போனில் பதினான்காம் நிலையத்தைத் திறந்தேன். அறுபத்திரண்டு. ஐந்து நிமிடம் கழித்து அறுபத்திரண்டு. நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒரு விநாடி பிசகாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

கரையிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டேன்.

"நீதான் போன்ல பேசுன பொண்ணா?"

"ஆமாக்கா. கிரேஸ்."

"இப்ப சொல்லு, எத்தனை சென்டிமீட்டரு?"

நான் போனைக் கீழே இறக்கினேன். பூட்டியிருந்த மோட்டார் கொட்டகையைப் பாஸ்கர் பார்த்துவிட்டு, "அண்ணன் எங்கக்கா?" என்றார்.

அருள்மேரி அவர் பக்கம் திரும்பினார். "அண்ணன் போயி இன்னியோட நாப்பத்தோரு நாளாச்சு தம்பி. விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிடுச்சு. சாவுக்கு வந்தவங்க புள்ளைங்க யாரும் கரண்டுல கைய வச்சிடப்போவுதுன்னு மெயினை எறக்கிக் கொட்டகையைப் பூட்டுனாங்க. அப்பப் பூட்டுனதுதான். உனக்கு யாராச்சும் சொல்லியிருப்பாங்கன்னு பாத்தேன்."

நாற்பத்தொரு நாள். அந்த எண்ணை மதியமே நான் நோட்டில் எழுதியிருந்தேன்.

மெயின் இறங்கியதும் பெட்டியின் சின்ன பேட்டரி பதினொன்று ஐம்பது வரை தாக்குப்பிடித்திருக்கிறது. ஆகவே என் கோட்டில் இருந்த காலை அவர் இறந்த பிறகு வந்த காலை. மதியமும் மாலையும் அவர் உயிரோடு இருந்த கடைசி நாளுடையவை.

அருள்மேரிக்கு நான் எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னேன். கருவி நின்றுபோனது, என் புரோகிராம் பழைய அளவையே திரும்பத் திரும்பக் காட்டியது, அதை நம்பித்தான் மதகை மூடினார்கள், தப்பு என்னுடையது. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் போனை வாங்கிப் பார்த்தார்.

அப்போது மணி நான்கு முப்பத்தைந்து. திரையில் எண் மாறியது. நூற்று அறுபத்து மூன்று.

"மேடம், அப்படிப் பாத்தா நம்ம கழுத்து வரைக்கும் தண்ணி நிக்குது," என்றார் சென்சாருக்குக் கீழே நின்ற பாஸ்கர். சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டு, அந்த இடத்தை விட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"இது என்னாது, இப்ப மட்டும் ஏறுது?" என்று அருள்மேரி கேட்டார்.

"தெரியலக்கா. தினமும் இந்த நேரத்துக்குத்தான் ஏறுது. சென்சாருக்குக் கீழ எதாவது வந்து நின்னிருக்கணும்."

"கீழ எது நின்னாலும் அளந்துடுமா?"

"ஆமாக்கா. உச்சி எதுவோ அதை அளக்கும்."

காற்று இல்லை. தென்னை மட்டைகூட அசையவில்லை. மூவரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு காய்ந்த வாய்க்காலில் நின்றோம். நான்கு நாற்பதுக்கு எண்பத்தெட்டு வந்தது. நான்கு நாற்பத்தைந்துக்கு மறுபடி நூற்று அறுபத்து மூன்று.

அருள்மேரி போனை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"அது தண்ணி இல்லம்மா," என்றார். "எங்க வீட்டுக்காரரு குளிக்கிறாரு. மேட்டுப்பக்கத்துக்கு வாய்க்கால் தண்ணி எறைக்கிற மோட்டாரை நிறுத்திட்டு இங்கதான் எறங்குவாரு. நிப்பாரு, உக்காந்து முங்குவாரு, திரும்பி எந்திரிச்சு சோப்புப் போடுவாரு. ரொம்ப நேரம் போடுவாரு."

நான்கு ஐம்பது. நூற்று அறுபத்து மூன்று.

ஐம்பத்தைந்துக்கு அறுபத்திரண்டு வந்தபோது அவர் கரையைப் பார்த்தார். யாரோ ஏறிப் போவதைப் பார்ப்பது போல இருந்தது. பாஸ்கர் சட்டையில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். அவர் கிறிஸ்தவர் இல்லை.

பிறகு அருள்மேரி போனை என்னிடம் கொடுத்துவிட்டு வயலைக் காட்டினார். குத்தகை நிலம், எட்டு மா. இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. பயிர் ஒரு சாண் உயரத்தில் நுனி கருகி நின்றது.

"போரு போட்டா உப்புத்தண்ணி. வேற வழி கெடையாது. இந்த முறையும் போச்சுன்னா உழுதுதான் போடணும். அவரு வெதைச்சது இது. சொல்லும்மா, மூடாம வைக்க முடியுமா முடியாதா?"

5. நான் சொன்னதும் அவர்கள் கேட்டதும்

காரில் உட்கார்ந்து சாருக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டார்.

"சென்சார் ரிப்பேர்னு ஒரு மெசேஜ் போட்டுடலாம் கிரேஸ். அதுல பொய் ஒண்ணும் இல்லையே."

"சென்சார் ரிப்பேர்னா இன்னைக்கு ரிப்பேர் ஆச்சுன்னு நினைப்பாங்க சார். நேத்து வரைக்கும் அறுபத்திரண்டு இருந்துச்சேன்னு நாளைக்கு மூடிடுவாங்க. போன ரெண்டு முறையும் இங்க ஒரு சொட்டு வரலைன்னு சொன்னாத்தான் திறந்து வைப்பாங்க."

"அப்படிச் சொன்னா நம்ம இருபத்தாறு கிராஃபையும் யாரும் நம்ப மாட்டாங்க."

"இன்னைக்கு நானே நம்பல சார்."

அவர் பெருமூச்சு விட்டார். "உங்க பேர்லயே எழுதுங்க. கீழ நானும் கையெழுத்துப் போடுறேன். மூடச் சொன்னவன் நான்தானே." அந்த ஸ்கிரிப்டைப் பற்றித்தான் சொன்னார்.

பாசன சங்கச் செயலாளர் கோவிந்தராஜ் மேல்மடைக்காரர். மதகை அடைப்பதும் திறப்பதும் அவர் சொல்படிதான். மறுநாள் காலை ஏழு மணிக்கு மதகடியில் அவரிடம் கடிதத்தையும் காய்ந்த வாய்க்காலின் படங்களையும் கொடுத்தேன். அடுத்த வாய்க்காலுக்குத் தண்ணீர் கேட்டு வந்த நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள்.

"ஏம்மா, நீங்கதானே கோடு போட்டுக் காட்டுனீங்க, கடைசி வரைக்கும் தண்ணி நிக்குதுன்னு? அந்தம்மா இங்க வந்து அழுதப்ப, கம்ப்யூட்டரு பொய் சொல்லுமான்னு நான் திருப்பி அனுப்புனேன்."

"கம்ப்யூட்டர் சொல்லலைங்க. நான் எழுதி வச்சதைத்தான் சொல்லுச்சு."

"நல்லாருக்கு. செத்தவரு குளிக்கிறதைப் பாத்து நாங்க மதகை மூடிக்கிட்டு இருந்திருக்கோம்," என்றார் பின்னால் நின்ற ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

கோவிந்தராஜ் கடிதத்தை இரண்டாம் முறை படித்தார். "இவங்களுக்கும் பயிரு இருக்கு. நாலு நாள் தரேன். அஞ்சாம் நாள் காலையில இதே நேரத்துக்கு அடைச்சிடுவேன். அதுக்குள்ள போவுதா இல்லியான்னு உங்க கோட்டைப் பாக்க மாட்டேன். நானே வண்டியில போயிப் பாத்துக்குறேன்."

அந்த நாலு நாளும் நான் டிஸ்க்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கிரிப்டை நீக்கினேன். இருபத்தாறு நிலையங்களிலும் ஒட்டப்பட்ட வரிகளைத் தேடி எடுத்து அழித்தேன். மழை வரைபடங்களையும் புதிய முறைக்கு மாற்றினேன். டிஸ்க் ஐம்பத்தெட்டு சதவீதத்துக்கு இறங்கியது. யாரும் கவனிக்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. பதினான்கில் நாற்பத்தொரு நாள் வெற்றிடம் விழுந்தது. அதற்கு முந்தைய நாள், நிஜமான நாள், அப்படியே இருக்கிறது. அதை நாய்ஸ் என்று குறித்திருந்த குறியை மட்டும் எடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் அருள்மேரி போன் செய்தார். "வந்துடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பின்னால் மடை திறந்த சத்தம் கேட்டது. எட்டு மாவில் ஐந்து மா பிழைத்தது. மேட்டுப்பக்கத்து மூன்று மாவை உழுதுவிட்டார்கள். அந்த மூன்று மா என் கணக்கு. அதற்கு நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

6. இப்போது

பாடம் என்று கேட்டால் ஒன்றுதான். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். பார்க்கிறவர் கேள்வி கேட்கட்டும். நேற்று இருந்தது இன்றும் இருக்கிறது என்று சொல்லும் எதையும் எழுதாதீர்கள். அது தவறாகும் நாளில் உங்களுக்குத் தெரியாது, வேறு யாருக்கோதான் தெரியும். அவர் போன் செய்வார். நீங்கள் திரையைப் பார்த்துப் பதில் சொல்வீர்கள்.

கம்ப்ரெஷன் முறையை மாற்றினால் எவ்வளவு மிச்சமானது என்று மட்டும் பார்க்காதீர்கள். எது அளவுக்கு மீறிச் சுருங்கியது என்றும் பாருங்கள். நிஜமான ஒரு நாள் இன்னொரு நாளைப் போல இருப்பதில்லை.

நான் வாரம் ஒருமுறை எல்லாக் கோப்புகளுக்கும் compsize ஓட்டுகிறேன். போன வாரம் பூதலூர்ப் பக்கத்து ஒன்பதாம் நிலையம் ஆறு சதவீதம் காட்டியது. சென்சாரின் வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தால் அப்படி ஆகும், ஒரே எண் வந்துகொண்டிருக்கும். அது எனக்குத் தெரியும். இருந்தாலும், பதினான்கைப் போலவே அந்த நிலையத்துக்கும் மின்சாரம் கொடுக்கிற வீட்டுக்குப் போன் செய்தேன்.

"சொல்லுங்க மேடம், சென்சார்ல எதும் பிரச்சினையா?" என்று கேட்டார்கள்.

"அதை அப்புறம் பாக்கலாங்க," என்றேன். "வீட்ல எல்லாரும் இருக்கீங்களா?"